பாறைக் குருவி ஏன் கல் சுமக்கிறது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்பகுதியில் தொடங்கி, அமெரிக்காவின் மேற்குப் பாதி முழுவதும் பரவி, மெக்சிகோ வழியாகக் கோஸ்டாரிக்கா வரை ஒரு சின்னஞ்சிறு பறவை வாழ்கிறது. அதன் பெயர் பாறை ரென். எடை 15 முதல் 18 கிராம், நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் எடையைவிடக் குறைவு. கூடு கட்டும் பருவம் வந்ததும் இது தன் அலகில் தட்டையான கற்சில்லுகளைப் பொறுக்கி வந்து, பாறை இடுக்கின் வாசலில் ஒவ்வொன்றாகப் பரப்புகிறது. கூடு உள்ளே இருட்டில் ஒளிந்திருக்க, வெளியே ஒரு கல்தளம் உருவாகிறது. நூற்றுக்கணக்கான கற்கள் கொண்ட தளங்களும் உண்டு.

கூட்டை மெத்தென்று ஆக்கப் புல்லும் மயிரும் சுமப்பது புரிகிறது. கல் எதற்கு? நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பறவையியலார் கேட்டுவரும் கேள்வி இது. அமெரிக்காவில் கேட்டது ஸ்பெயினிலும் இஸ்ரேலிலும் வேறு பறவைகளை வைத்துக் கேட்கப்பட்டது, விடைகளும் வந்தன. அந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதுதான் சுவையான செய்தி.

முதலில் பறவையைத் தெரிந்துகொள்வோம். ரென் குடும்பம் ஏறத்தாழ முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. ஒரே ஓர் இனம் மட்டும் யூரேசியாவில் பரவியிருக்கிறது. இந்தியாவில் அதை இமயமலையில் பார்க்கலாம். பாறை ரென்னை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் தாமஸ் சே. இவர் அடிப்படையில் பூச்சியியல் அறிஞர். ஸ்டீபன் லாங் தலைமையில் ராக்கி மலைகளை நோக்கிச் சென்ற பயணக் குழுவில் இருந்தவர். அந்தப் பயணத்தின் வரலாறு 1823இல் நூலாக வந்தபோது இந்தப் பறவையின் விவரிப்பும் அதில் இடம்பெற்றது. பூச்சி தேடிப் போனவர் கண்ணில், பூச்சியையே தின்று வாழும் பறவை பட்டதில் வியப்பில்லை.

முதுகு சாம்பலும் பழுப்புமாய், நுண்புள்ளி தெளித்த நிறம். வயிறு வெளிறியது. அசையாமல் நின்றால் பாறையிலிருந்து பிரித்தறிவது கடினம். ஆனால் இது அசையாமல் நிற்பதே அபூர்வம். ஆள் அரவம் கேட்டால் கால்களை மடக்கி மடக்கி உடம்பையே மேலும் கீழும் ஆட்டும். அலகு நீண்டு மெலிந்து, நுனி லேசாக வளைந்தது. அதைப் பாறை இடுக்குகளில் விட்டுச் சிலந்திகளையும் பூச்சிகளையும் இழுத்துத் தின்னும். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் டெத் வேலியிலும் காணலாம், 3,000 மீட்டருக்கு மேலுள்ள மலைச்சரிவுகளிலும் காணலாம். பாறை இருந்தால் போதும்; அது இயற்கைப் பாறையா, சாலைக்காக வெட்டிய மலைமுகமா, கல்குவாரியின் குப்பைக் குவியலா என்று பார்ப்பதில்லை.

இந்தப் பறவை தண்ணீர் குடித்து யாரும் பதிவு செய்யவில்லை. கூண்டில் வளர்த்த பறவைக்குத் தண்ணீர் வைத்தும் அது குடிக்கவில்லை. பூச்சிகளின் உடலில் இருக்கும் ஈரமே அதற்குப் போதுமானதாக இருக்கிறது. சுனையும் ஓடையும் இல்லாத பாறைக்காட்டில் இது தனியாட்சி நடத்த முடிவதற்கு இதுவே முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாவது சிறப்பு அதன் குரல். டொனால்ட் குரூட்ஸ்மா 1975இல் வெளியிட்ட ஆய்வு பாறை ரென்னின் பாட்டை எண்ணிப் பார்த்தது. ஓர் ஆண் பறவை 100 வகைப் பாட்டுகள் வரைகூட வைத்திருக்கிறது, சில அதற்கு மேலும். பக்கத்து எல்லையில் பாடும் ஆண்களிடமிருந்து பல பாட்டுகளைக் கற்றுக்கொள்கிறது. பாறை முகடுகளில் நின்று, ஒரே பாட்டைச் சில முறை சொல்லி, மாற்றி, பழையதற்குத் திரும்பி, மணிக்கணக்கில் பாடும். நிறத்தில் எளிமையான பறவை குரலில் செல்வந்தனாக இருப்பது பறவையுலகில் அடிக்கடி காண்பதுதான். ஆனால் 17 கிராம் உடம்புக்குள் இத்தனை பாட்டு என்பது அதிகம்தான்.

கடலையும் தாண்டியிருக்கிறது இந்தப் பறவை. மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு அப்பால், நிலத்திலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் சான் பெனடிக்டோ தீவில் பாறை ரென்னின் தனிக்கிளை ஒன்று வாழ்ந்தது. 1952 ஆகஸ்ட் 1 அன்று அந்தத் தீவில் பார்சேனா எரிமலை வெடித்தது. சாம்பலும் நுரைக்கல்லும் தீவை மூடின. அந்தக் கிளையினம் அத்தோடு அழிந்தது. ஓர் உயிரினக் கிளை மறைந்த நாளைத் தேதியோடு சொல்ல முடிவது அரிது. இது அப்படிப்பட்ட ஒன்று.

இனி கூட்டுக்கு வருவோம். இடுக்கினுள் புல், சுள்ளி, மரப்பட்டை நார் இவற்றால் கிண்ணம் அமைத்து, மயிர், கம்பளி, சிலந்தி நூல் கொண்டு மெத்தையிடுகிறது. பெரும்பாலும் 5 அல்லது 6 முட்டைகள். வெள்ளை நிறம், செம்பழுப்புப் புள்ளிகள். பெண் அடைகாக்கும்; ஆண் அதற்கு இரை கொண்டுவரும். குஞ்சுகள் பொரித்து இரண்டு வாரம் போல ஆனதும் கூட்டைவிட்டு வெளியேறும். இதெல்லாம் பல சிறு பறவைகளுக்கும் பொதுவான கதை. கல்தளம்தான் வேறுபடுத்துகிறது.

வட அமெரிக்கப் பறவைகளின் வாழ்க்கைக் குறிப்புகளைப் பல தொகுதிகளாகத் திரட்டிய ஆர்தர் கிளீவ்லாண்ட் பென்ட், 1948இல் வந்த தொகுதியில் ரென்களை விரிவாக எழுதினார். அந்தக் காலத்து இயற்கையாளர்கள் கூடு கண்டால் கல்லையும் எண்ணினார்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே கடலில் நிற்கும் ஃபாரல்லோன் தீவுகளின் பாறை ரென்கள் கல்லோடு நிற்கவில்லை; கிளிஞ்சல் துண்டு, எலும்பு, துருப்பிடித்த ஆணி என்று அகப்பட்டதையெல்லாம் வாசலில் போட்டன. இந்தச் செய்தியை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு தடயமாகப் படுகிறது. பறவைக்கு வேண்டியது கல் என்ற பொருள் இல்லை; அலகில் தூக்கக்கூடிய, கெட்டியான, இடத்தை அடைக்கக்கூடிய துண்டு.

பழைய விளக்கங்கள் பல. ஈரம் படாமல் கூட்டைத் தூக்கிப் பிடிக்கும் அடித்தளம் என்றார்கள் சிலர். சாய்வான இடுக்கில் கிண்ணம் வழுக்காமல் இருக்கத் தரையைச் சமன் செய்கிறது என்றார்கள். கூட்டின் அடியில் கிடக்கும் கற்களுக்கு இது சரி. வாசலைத் தாண்டி வெளியே நீளும் தளத்துக்குப் பொருந்தாது. ஒரே மாதிரி ஆயிரம் இடுக்குகள் இருக்கும் மலைமுகத்தில் தன் வீட்டை அடையாளம் காணத்தான் இந்தக் கல் என்றார்கள் வேறு சிலர். இதை நம்புவது கடினம். தன் எல்லையில் உள்ள ஒவ்வொரு பொந்தையும் தினம் நூறு முறை துழாவும் பறவைக்கு வழிகாட்டிக் கல் எதற்கு? போதாக்குறைக்கு, கூடு தேடும் ஆய்வாளர்களுக்குத் துப்புக் கொடுப்பதே இந்தத் தளம்தான். மனிதருக்குக் காட்டிக் கொடுப்பது பகைவருக்கும் காட்டிக் கொடுக்கலாம். ஆகவே கல் சுமப்பதில் பறவைக்கு உழைப்பு மட்டும் செலவாகவில்லை, ஆபத்தும் சேர்கிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு ஏதோ ஒரு லாபம் இருக்க வேண்டும்.

வெப்பம் பற்றிய விளக்கமும் உண்டு. பகலில் சூடேறிய கல் இரவில் கூட்டுக்கு இதம் தரும் என்பது ஒரு வாதம். காற்றைத் தடுக்கும் என்பது இன்னொன்று. திறந்த தரையில் கூடு வைக்கும் பாலை வானம்பாடியிடம் இந்த வாதம் எடுபடும். அது கிண்ணத்தின் விளிம்பில் கற்களை அடுக்கிச் சிறு மதில் கட்டுகிறது. ஆனால் ஆழமான இடுக்கில் நிழலில் கிடக்கும் கூட்டுக்கு வெளிக்கல்லின் சூடு எவ்வளவு எட்டும்?

இந்த இடத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்பெயினுக்குப் போக வேண்டியிருக்கிறது. கிரனாடா மாகாணத்தில் குவாடிக்ஸ் என்ற வட்டாரம். களிமண் குன்றுகளைக் குடைந்து மனிதர்கள் குகை வீடுகள் அமைத்து வாழ்ந்த, இன்றும் வாழ்கிற பகுதி. ஆள் விட்டுப்போன குகைகளில் கறுப்பு வீட்டியர் குடியேறுகிறது. நம் ஊர்க் கருஞ்சிட்டின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை. உடல் முழுக்கக் கறுப்பு, பிட்டமும் வாலின் பெரும்பகுதியும் வெள்ளை. ஐபீரியத் தீபகற்பமும் வடமேற்கு ஆப்பிரிக்காவும் அதன் நாடு. எடை 40 கிராமை ஒட்டியிருக்கும்.

ஒவ்வொரு முறை முட்டையிடுவதற்கு முன்பும் சில நாட்கள் கல் சுமக்கும் வேலை நடக்கிறது. பெரும்பாலும் ஆண்தான் சுமக்கும். பெண் அருகில் நின்று பார்க்கும், எப்போதாவது தானும் ஒன்றைத் தூக்கும். ஹுவான் மொரேனோ, மனுவேல் சோலேர், ஆண்டர்ஸ் மோலர், மாட்ஸ் லிண்டன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதை முதன்முதலாக முறையாக அளந்தது. ஓர் ஆண் பறவை ஒரு முட்டைத் தொகுதிக்காகச் சுமக்கும் கல்லின் மொத்த எடை சராசரியாக ஒன்று முதல் இரண்டு கிலோ. தன் எடையைப் போல் 25 முதல் 50 மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒரு சுமைகூலித் தொழிலாளி ஒன்றரை முதல் மூன்று டன் சரக்கை, அதுவும் பறந்து, ஏற்றி வைப்பதற்கு ஒப்பு.

இங்கே முக்கியமானது வேறு. அந்தக் கற்களில் பெரும்பகுதி கூட்டுக்குப் பயன்படுவதே இல்லை. கூடு கட்டாத பொந்துகளிலும் கொண்டுபோய்க் கொட்டுகிறது. சென்ற ஆண்டு கல் நிறைந்து கிடக்கும் பழைய இடத்தையே மறுபடி பயன்படுத்தினாலும் புதிதாகச் சுமக்கிறது. அடித்தளம், அரண், அடையாளம் என்ற எந்த விளக்கமும் இதற்குப் பொருந்தாது. அதனால் ஆய்வாளர்கள் பறவையின் துணையைக் கவனித்தார்கள். நிறைய சுமந்த ஆணின் துணை சீக்கிரம் முட்டையிட்டது. இனப்பெருக்கத்தில் கூடுதல் முதலீடு செய்தது. அந்த இணைகள் அதிகக் குஞ்சுகளை வளர்த்தெடுத்தன. கல் கூட்டுக்கானதில்லை, பெண்ணுக்கானது என்பது அவர்கள் முடிவு. இந்த ஆண் எவ்வளவு திடமாக இருக்கிறான், குஞ்சுக்கு எவ்வளவு இரை கொண்டுவருவான் என்பதைப் பெண் எடைபோட்டு, அதற்கேற்பத் தன் முட்டைகளைத் திட்டமிடுகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கறுப்பு வீட்டியர் இணையாக ஆண்டு முழுவதும் ஒரே எல்லையில் வாழும் பறவை. மயில் தோகை விரிப்பதும் பாடி அழைப்பதும் இணை சேர்வதற்கு முன். இங்கே ஏற்கெனவே சேர்ந்துவிட்ட துணைக்கு முன்னால், ஒவ்வொரு முட்டைத் தொகுதிக்கும் புதிதாக, ஆண் தன் பலத்தை நிரூபிக்கிறது. போன வருடம் நல்ல நிலையில் இருந்தவன் இந்த வருடமும் அப்படியே இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லையே. வீண் செலவு போலத் தெரியும் காட்சியே நம்பத்தக்க சான்று, ஏனென்றால் நோஞ்சானால் அதைப் போலியாகச் செய்ய முடியாது என்று 1975இல் அமோட்ஸ் ஸகாவி வாதாடினார். அந்த வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

1999இல் சோலேரும் அவர் குழுவினரும் ஒரு படி மேலே போனார்கள். பறவைகளின் நோய் எதிர்ப்புத் திறனைச் சோதித்தார்கள். சிறகின் மெல்லிய தோலில் தீங்கற்ற ஒரு தாவரப் புரதத்தைச் செலுத்தி, அந்த இடம் எவ்வளவு வீங்குகிறது என்று அளப்பது வழக்கமான முறை. அதிகமாகக் கல் சுமந்த ஆண்களிடம் எதிர்ப்புத் திறனும் வலுவாக இருந்தது. இந்த ஆய்வுகள் ஒரே வட்டாரத்தில், பெரும்பாலும் ஒரே குழுவினரால் செய்யப்பட்டவை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மொராக்கோவின் மலைகளிலும் இதே அளவீட்டை யாராவது செய்தால் முடிவு இன்னும் உறுதிப்படும். ஆனாலும், கல் சுமப்பது பற்றிய எல்லா ஆய்வுகளிலும் இதுவே மிகத் திடமானது என்பது என் கருத்து.

இதைப் படித்தவுடன் பாறை ரென்னுக்கும் இதே விடையைப் பொருத்திவிடத் தோன்றும். பலர் அப்படிப் பொருத்தியும் எழுதியிருக்கிறார்கள். அவசரப்படக் கூடாது என்று காட்டுகிறது இஸ்ரேலிய ஆய்வு ஒன்று. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவம் லீடரும் யோராம் யோம்-டோவும் பிளாக்ஸ்டார்ட் என்ற பாலைப் பறவையை ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். இது கறுப்பு வீட்டியரின் நெருங்கிய உறவு. பாறைப் பொந்தில் கூடு வைத்து, வாசலில் சிறு தட்டைக் கற்களால் அரண் எழுப்புகிறது. உறவுமுறையை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுவும் துணைக்கான காட்சி என்றுதான் ஊகிப்போம். ஆனால் லீடரும் யோம்-டோவும் கண்டது பகைவரைச் சமாளிக்கும் உத்தி. கற்களைத் தாண்டி நுழையும் பிராணி தாமதப்படும்; அந்த இடைவெளியில் அடைகாக்கும் பெண் விழித்துத் தப்பிக்க நேரம் கிடைக்கும். முட்டை போனாலும் தாய் பிழைத்தால் அடுத்த முட்டைத் தொகுதி உண்டு.

ஒரே குடும்பத்தில், ஒரே வேலைக்கு, இரண்டு காரணங்கள். வேறு குடும்பத்தில், வேறு கண்டத்தில் இருக்கும் ரென்னுக்கு மூன்றாவது காரணம் இருக்கக் கூடாதா?

நார்தர்ன் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடாலி வார்னிங்கும் லோரின் பெனடிக்டும் 2015இல் ஆக் என்ற ஆய்விதழில் பாறை ரென்னின் கூட்டமைப்பு பற்றி எழுதினார்கள். ஒரே ஒரு பயனைச் சுட்டிக்காட்டாமல், பல வேலைகளை ஒருங்கே செய்யும் அமைப்பு என்ற பார்வையை முன்வைத்தது அந்தக் கட்டுரை. தலைப்பிலேயே அதைச் சொல்லியிருந்தார்கள். எனக்கு இது ஏற்புடையதாகவே தோன்றுகிறது, ஒரு நிபந்தனையோடு. பல பயன்கள் என்று சொல்லிவிட்டுக் கேள்வியை மூடிவிடக் கூடாது. அவற்றில் எது முதன்மை என்று கேட்க வேண்டும்.

வாசலைச் சுருக்குவதே முதன்மை என்று நான் கருதுகிறேன். இடுக்கு இயற்கை தந்தது. அதன் அளவைப் பறவை தேர்ந்தெடுக்கலாம், செதுக்க முடியாது. வாய் அகலமாக இருந்தால் மீதியை அடைக்க வேண்டும். உலகில் வேறு பறவைகளும் இதே சிக்கலுக்குத் தீர்வு கண்டிருக்கின்றன. பால்கன் நாடுகளிலிருந்து ஈரான் வரை வாழும் மேற்குப் பாறை நத்தாட்ச் சேற்றைக் குழைத்துப் பாறை இடுக்கின் வாயைப் பூசி, குழல் போன்ற சிறு வாசல் மட்டும் விடுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து வாயை அடைத்துக்கொள்கிறது. தண்ணீரே குடிக்காமல் வறண்ட பாறையில் வாழும் ரென்னுக்குச் சேறு எங்கே கிடைக்கும்? காலடியில் கிடப்பது கல்தான். ஃபாரல்லோன் தீவில் ஆணியும் எலும்பும் சுமந்ததற்கும் இந்த விளக்கமே பொருந்துகிறது. அடைப்பதற்கு என்றால் எந்தக் கெட்டிப் பொருளும் ஆகும்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். அமெரிக்க மேற்கில் கூடு கொள்ளையடிக்கும் பகைவர்களில் கோஃபர் பாம்பு முக்கியமானது. பறவை நுழையும் வழியில் பாம்பும் நுழைந்துவிடும்; வாசலைச் சுருக்கி அதைத் தடுக்க முடியாது. கீரிக் குணமுள்ள வீசல் போன்ற பிராணிக்கும் சிறிய ஓட்டை பெரிய தடையில்லை. இந்த இடத்தில்தான் பிளாக்ஸ்டார்ட் ஆய்வு கைகொடுக்கிறது. தடுப்பது முடியாவிட்டாலும் தாமதப்படுத்துவது முடியும். மேலும், மழைநீர் பாறைமேல் வழிந்து உள்ளே புகாமல் இருப்பதும், முதல் முட்டைத் தொகுதி வைக்கும் குளிர்ந்த வசந்த நாட்களில் காற்று அடைபடுவதும் அதே சுருங்கிய வாசலால் கிடைக்கும் கூடுதல் லாபங்கள்.

துணைக்குக் காட்டுவது என்ற காரணம் ரென்னிடம் அறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் 100 பாட்டு தெரிந்த ஆணுக்குத் தன் தகுதியைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. கறுப்பு வீட்டியருக்கும் பாட்டு உண்டுதான், எனினும் அது இவ்வளவு விரிந்ததில்லை. ரென்னின் கல் கூட்டோடு ஒட்டியே கிடக்கிறது. வீட்டியரைப் போல வெற்றுப் பொந்தில் குவித்து வைக்கும் வீண் செலவு அதனிடம் முதன்மையாகத் தெரியவில்லை. யார் சுமக்கிறார், எப்போது சுமக்கிறார், கல் எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்க்காமல், சுமப்பதை மட்டும் பார்த்து ஒரே முடிவுக்கு வந்ததுதான் இந்தக் கேள்வியின் வரலாற்றில் நடந்த பெரிய பிழை.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தமிழகத்தின் தரிசுகளிலும் உழுத புஞ்சைகளிலும் சாதாரணமாகக் காணும் சாம்பல்தலை வானம்பாடி தரையில் சிறு பள்ளம் பறித்துக் கூடு வைக்கிறது. பெரும்பாலும் அதன் விளிம்பில் சிறு கற்களை வைக்கிறது. பறவை நூல்களில் இது ஒரு வரிக் குறிப்பாகவே நிற்கிறது. குவாடிக்ஸில் கேட்ட கேள்விகளை இங்கேயும் கேட்கலாம்: கல் கொண்டுவருவது ஆணா பெண்ணா, முட்டையிடும் முன்பா பின்பா, காற்று வரும் திசையில் கல் அதிகமா? கூட்டைத் தொட வேண்டாம், கிட்டேயும் போக வேண்டாம். வானம்பாடி கல் தூக்குவதைத் தொலைவில் நின்று பைனாகுலரில் பார்த்தால், தேதியோடும் நேரத்தோடும் இ-பேர்ட் என்ற இணையவழிப் பறவைப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள்.